மலைக்குள்ளே எழுதியவர்

1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எட்டாம் நாள், திங்கட்கிழமை, உலக நாகரிகத்தின் வரலாறு மலாயாவின் கெடா மாநிலத்தில், குருணுக்குக் கிழக்கே கரும்பாறைத் தோட்டத்தில் திருத்தி எழுதப்பட்டது. திருத்தியவர் அத்தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், திருவாளர் பரஞ்சோதி. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அப்பெருமகனார் பெயரால் குருணில் ஒரு சாலை இல்லை, முட்டுச்சந்துகூட இல்லை. குறை இதுதான். அதைப் போக்குவதற்காக வீடுவீடாக ஒரு மனு சுற்றி வருகிறது. கையெழுத்திடுகிறவர் எதற்காக இடுகிறோம் என்று தெரிந்து இடுவது முறை. ஆகையால் நடந்தவற்றை முன்பின் மாறாமல் சொல்லிவிடுவோம்.

1941ஆம் ஆண்டுக் கடைசியில் ஜப்பானியப் படை வருவதற்கு முந்தின நாள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போனார். போகும்போது தம் நாயையும் தோட்டத்தையும் பரஞ்சோதியிடம் ஒப்படைத்தார். நாய் அந்த வாரமே செத்தது. தோட்டம் பிழைத்தது. பரஞ்சோதி பங்களாவுக்குக் குடிபெயர்ந்து, துரையின் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, துரை விட்டுப்போன இடத்திலிருந்து நிர்வாகத்தைத் தொடர்ந்தார். நாற்காலி தமக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்ததாகப் பலரிடமும் சொன்னார்.

ரப்பர்ப் பாலை வாங்க எவருமில்லாத காலம். மரம் சீவியவர்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். தோட்டத்துக்குள் ஒழுங்காக வந்தது ஒன்றே ஒன்று: சயாமுக்கு ஆள் பிடிக்கும் லாரி. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், நல்ல சோறு, நல்ல உறைவிடம், வேலை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று அறிவித்திருந்தார்கள். திரும்பியவர் எவரும் இதை மறுக்கவில்லை. திரும்பியவர் எவரும் இல்லை. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். பரஞ்சோதி நடந்துகொண்டே விரலை நீட்டுவார். விரல் நின்ற இடத்தில் இருப்பவர் லாரியில் ஏறுவார். ஒரு விரலுக்கு இவ்வளவு பணியா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள்.

அவ்விரல் ஒருநாள் தன் கணவன்மேல் நிற்கும் என்று பாப்பம்மா அஞ்சினாள். அவள் கணவன் இருளப்பன் தோட்டத்துச் சடக்குகளுக்கு, அதாவது சாலைகளுக்கு, கல்லுடைப்பவன். தோளும் மார்புமாக நன்றாக வளர்ந்த ஆள். லாரிக்காரர்களுக்குப் பிடித்த உருவம். ஒரு பூசணிக்காயைச் சுமந்துகொண்டு அவள் பங்களாவின் பின்வாசலில் நின்றாள்.

"ஐயா, அவரு பேர மட்டும் கூப்பிட்டுறாதீங்க. எனக்கு அவர விட்டா நாதி இல்ல."

பரஞ்சோதி பூசணிக்காயை வாங்கி வைத்துக்கொண்டு, நிர்வாகத்தில் தலையிடுவது பெண்களுக்கு அழகன்று என்று அறிவுரை கூறி அனுப்பினார்.

இந்நிலையில்தான் பாறை குறுக்கிட்டது.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் முதல் லாரியிலேயே போய்விட்டதால், எழுத்தறிவித்தலும் பரஞ்சோதியின் பொறுப்பாயிற்று. கப்பல் இல்லை, கடையில் சிலேட்டும் இல்லை. அதற்குத் தோட்டத்து மக்களே ஒரு வழி கண்டார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு முழுவதும் கறுப்புப் பாறை. உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரியும். இருளப்பன் மெல்லிய தகடுகளாக உரித்துக் கொடுப்பான். ஓரத்தை வீட்டுப் பெண்கள் அம்மியில் தேய்த்து மழுக்குவார்கள். பிள்ளைகள் அதன்மேல் வெள்ளைக் களிமண் குச்சியால் எழுதுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, தம் மாணவர் பலரின் சிலேட்டு அழிக்கப்படாமல் இருப்பதைப் பரஞ்சோதி கண்டார். வெள்ளி நிறத்தில் மெல்லிய கீறல்கள். ரம்பத்தின் பல்லைப்போல் ஒருபுறம் மட்டும் கூர் கூராக வெட்டிய கோடுகள். அழிக்கச் சொன்னார். எச்சிலால் அழித்தார்கள்; போகவில்லை. கோவை இலையால் அழித்தார்கள், போகவில்லை. ஒழுங்கீனத்துக்காக வகுப்பு முழுவதையும் முழங்காலிடச் சொல்லிவிட்டு, ஒன்றை வாங்கித் தம் கைக்குட்டையாலேயே தேய்த்தார். கைக்குட்டை கறுத்தது. கீறல் அப்படியே இருந்தது.

உலகம் அவ்விடத்தில் திரும்பியது. அழிக்க முடியாத எழுத்து தமிழல்லாமல் வேறு எதுவாக இருக்க முடியும்? இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டு, தாமே விடை கூறி, தாமே அதை ஏற்றுக்கொண்டார் பரஞ்சோதி. ஆராய்ச்சி அன்று பிற்பகலுக்குள் நிறைவு பெற்றது. பிள்ளைகள்தாம் முழங்காலிட்டபடியே இருந்தார்கள். அவர்களை எழச் சொல்ல மறந்துவிட்டார்.

கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு குருணுக்குப் போய், வட்டார அதிகாரி மோரிதாவின்முன் வைத்தார். நிப்பொங்கோ எனும் ஜப்பானிய மொழி வகுப்பில் முதலாவதாகத் தேறியவர் பரஞ்சோதி. அதிகாரியின் மொழியிலேயே விளக்கினார். கிழக்கே உதிக்கும் சூரியனின் மக்கள் ஒருநாள் இங்கே வருவர், அவர்களுக்குத் தமிழர் தாம்பூலம் கொடுத்து வரவேற்பர் என்று பழந்தமிழன் ஒருவன் இதில் பொறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். கீறல் ஓர் அங்குலம்; பொருள் அரைப் பக்கம். பழந்தமிழின் சுருக்கம் அத்தகையது.

மோரிதாவுக்கு மகிழ்ச்சி. இதன் வயது என்ன என்று கேட்டார்.

"ஐயாயிரம் ஆண்டு" என்றார் பரஞ்சோதி.

மோரிதாவின் முகம் சுருங்கியது. சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். அதில் ஆண்டு 2603 என்றிருந்தது. ஜப்பானியப் பேரரசு தோன்றி அத்தனை ஆண்டு. பேரரசைவிடப் பழைய பொருள் எதுவும் இவ்வட்டாரத்தில் இருக்கலாமா?

"இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு" என்று திருத்தினார் பரஞ்சோதி.

பாறைகளின் வயதைக் கணிக்க மேனாட்டார் என்னென்னவோ கருவிகளுக்குச் செலவிடுகிறார்கள். ஒரு நாட்காட்டியும் ஒரு கிராணியும் இருந்தால் போதும் என்பதை அன்று குருண் நிறுவியது.

பாலை நிறுக்கும் கொட்டகையில் 'பண்டைக் கல்லெழுத்து ஆய்வு அலுவலகம்' திறக்கப்பட்டது. அதற்கு இயக்குநர் பரஞ்சோதி. கல்லை உடையாமல் உரிக்கத் தெரிந்தவன் தோட்டத்திலேயே இருளப்பன் ஒருவன்தான். ஆகையால் அவனுக்கு 'அலுவலக உளியர்' என்ற பதவியும், கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணியும் கிடைத்தன. அத்துணியைக் கட்டியவரை லாரியில் ஏற்றக்கூடாது என்பது மோரிதாவின் உத்தரவு.

பாப்பம்மா அத்துணியை நாள்தோறும் துவைத்தாள். காயும்வரை கணவனை வாசல் தாண்ட விடவில்லை.

குருண் கடைத்தெருவில் காப்பிக்கடை வைத்திருந்த நாகூர் மீரானுக்கு மட்டும் கல்லெழுத்தில் போதிய பக்தி இல்லை. பாசாருக்கு வந்த பரஞ்சோதி அவர் மேசைமேல் மூன்று கற்களைப் பரப்பிக் காட்டியபோது, மீரான் கிழங்குமாவுப் பலகாரத்தைப் பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன் கிராணியாரே, எல்லாத்துலயும் ஒரே எழுத்தாத்தான லா இருக்கு? உங்க பாட்டன் பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணி, வாத்தியார் தண்டனை எழுத்து எழுதச் சொல்லிட்டாரா?"

"பாய், இது அடுக்குமொழி. சிறப்புக்காகத் திரும்பத் திரும்ப வரும்."

"மலை முழுக்கவா?"

பரஞ்சோதி கற்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார். காப்பிக்கடைகளில் ஆராய்ச்சி வளராது.

ஆனால் அலுவலகத்தில் வளர்ந்தது. கல்வெட்டின் தொடர்ச்சி வேண்டுமென்று மோரிதா கேட்கக் கேட்க, இருளப்பன் உரித்துக்கொண்டே போனான். அடியில் ஒரு தகடு, அதற்கும் அடியில் ஒன்று. எதை உரித்தாலும் அதே கீறல்கள். பரஞ்சோதி ஒவ்வொன்றையும் படித்துப் பொருள் கூறினார். கடற்படையின் வெற்றி ஒன்றில் இருந்தது. மரவள்ளியின் சிறப்பு ஒன்றில் இருந்தது. மோரிதா பதவி உயர்வு பெறுவார் என்பது மற்றொன்றில் மிகத் தெளிவாகவே இருந்தது.

அதனால்தான் மோரிதா, மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாரிலிருந்து தம் மேலதிகாரியை அழைத்தார். ஜூலை மாதத்தில் விழா. கொட்டகையில் தோரணம் கட்டினார்கள். வணிகர் சார்பில் நாகூர் மீரானை வரவழைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார்கள். அவரே கொண்டுவந்தது, அவரே கொடுத்தார். தோட்டத்து மக்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பாப்பம்மா முதல் வரிசையில் நின்றாள். கணவன் கையில் துணி பளிச்சென்று இருந்தது.

மேலதிகாரி குள்ளமான, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கற்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மலைச்சரிவுக்கு நடந்து, தாமே ஒரு பாறையைச் சுட்டி, அதை உடைத்துக்காட்டச் சொன்னார். இருளப்பன் உளியை வைத்துத் தட்டினான். பாறை புத்தகம்போல் விரிந்தது. உட்பக்கத்தில், அதுவரை காற்றும் காணாத கறுப்பில், அதே வெள்ளிக் கீறல்கள்.

மோரிதா கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். மேலதிகாரி தட்டவில்லை.

"இந்தக் கல் இப்பொழுதுதான் திறந்தது. மூடிய கல்லுக்குள் எழுதியவர் யார்?" என்று அவர் கேட்டார்.

மோரிதா பரஞ்சோதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதவி உயர்வு இல்லை. பரஞ்சோதிக்குத் துரையின் சாய்வு நாற்காலி கண்முன் வந்தது. அதன்பின் லாரியின் பின்பலகை வந்தது. கல்லைத் திறந்தவனையே கேட்கலாம் என்று பணிவுடன் தெரிவித்தார். பிறகு இருளப்பன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

இருளப்பன் யோசிக்கவில்லை. உள்ளதைச் சொன்னான்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. எங்க பொளந்தாலும் இருக்கு. மலைக்கு உள்ளயே இருக்கு."

பரஞ்சோதி மேலதிகாரியின் பக்கம் திரும்பி, தூய நிப்பொங்கோவில், வினைமுற்று ஒன்றுகூடப் பிசகாமல் மொழிபெயர்த்தார்.

"உள்ளே இருப்பவற்றைத் தானே கீறியதாக ஒப்புக்கொள்கிறான். சரிவில் உள்ள கற்களையெல்லாம் முன்பே பிளந்து, கீறி, ரப்பர்ப் பாலால் ஒட்டி வைத்தானாம். வெளியே கிடைத்த முதல் கல் மட்டுமே உண்மையான கல்வெட்டு. இவனுடைய மோசடியை நான் இன்றுதான் அறிகிறேன்."

மேலதிகாரி இருளப்பனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தான் சொன்னதை நம்பிவிட்டார் என்று இருளப்பன் எண்ணினான். மகிழ்ச்சியோடு இடுப்பை வளைத்து, ஜப்பானிய முறையில் வணக்கம் செய்தான்.

கூட்டத்தில் நிப்பொங்கோ தெரிந்த இன்னொருவர் இருந்தார். சிப்பாய்கள் வந்துபோகும் கடை நடத்துகிறவருக்கு அம்மொழி தெரியாமல் இருக்குமா? கேட்டதைத் தமக்குள்ளே வைத்துக்கொண்டு, நாகூர் மீரான் தேநீர்த் தட்டோடு அடுத்தவரிடம் நகர்ந்தார். சுற்றிலும் துப்பாக்கிகள் இருந்தன என்பதும் உண்மை.

வெள்ளைத் துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலைப் பெரட்டில் விரலுக்கு வேலை இருக்கவில்லை. இருளப்பன் லாரியில் ஏறும்போது, உளியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். ரயில் பாதைக்கும் கல்லுடைக்க ஆள் வேண்டியிருக்கும் அல்லவா? எதற்குத் தன்னை அனுப்புகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பாப்பம்மா லாரியின் பின்னாலேயே சடக்கின் முனைவரை ஓடினாள். அது அவன் கல்லுடைத்துப் போட்ட சடக்கு. ஓடுவதற்கு மேடுபள்ளம் இல்லாமல் நன்றாகவே இருந்தது.

ஓர் ஊழலைத் தாமே கண்டுபிடித்து, தாமே வெளிப்படுத்திய நேர்மைக்காகப் பரஞ்சோதிக்கு ஒரு மூட்டை அரிசி கிடைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் கெடா மாநிலத்தை ஜப்பானியர் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடியும் மாறியது, அதிகாரியும் மாறினார். சயாமுக்குப் போக அஞ்சியவர்களிடம் சயாமே வந்து சேர்ந்தது. நிர்வாகத்தின் கருணைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பரஞ்சோதி கல்லை மறுபடி படித்து, அது உண்மையில் பழஞ்சயாமியத்துக்கும் தமிழுக்கும் இடைப்பட்ட எழுத்து என்று கண்டறிந்தார்.

செய்தி லயத்தை எட்டிய அன்றே பாப்பம்மா பங்களாவின் பின்வாசலுக்கு வந்தாள். தலையை வாரிப் பூ வைத்திருந்தாள். முகத்தில், பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு.

"ஐயா, நம்ம ஊரே இப்ப சயாம்தானாமே. அப்ப சயாமுக்குப் போனவரு இங்கனதான இருக்கணும்? எந்த ஸ்டேஷன்ல எறங்குவாரு?"

கேள்விகளுக்கு உடனுக்குடன் விடையளிக்கும் பரஞ்சோதி, வாழ்வில் முதன்முறையாக, நாளைக்கு வா என்றார். அவள் மறுநாள் வரவில்லை. குருண் ஸ்டேஷனுக்குப் போனாள். ரயில் வரும் நாளெல்லாம் போனாள்.

போர் முடிந்து வெள்ளையர் திரும்பினர். கல் மறுபடியும் படிக்கப்பட்டு, அதில் மன்னர் பெருமானின் மீட்சி முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது தெரியவந்தது. எத்தனை அரசாங்கம் மாறினாலும் தாங்கும்படி எழுதிய பழந்தமிழனின் தொலைநோக்கை என்னென்பது! பரஞ்சோதி ஓய்வுபெற்றுக் குருணில் வீடு கட்டினார், ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவரானார், சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து, அந்த முதல் கல்லை வைத்து, 'கண்டெடுத்தவர்: பரஞ்சோதி' என்று சீட்டு எழுதி ஒட்டினார்.

மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்திய ஆண்டில், மண்ணையும் பாறையையும் ஆராயும் வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் அப்பக்கம் வந்தார். கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் துள்ளிக் குதித்தார். சங்கத்தார் பெருமிதத்துடன் கூட்டம் கூட்டினார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச, பரஞ்சோதி தமிழில் மொழிபெயர்ப்பார் என்று ஏற்பாடு.

இளைஞர் சொன்னதன் சாரம் இது. இந்த மலைச்சரிவு ஒருகாலத்தில் கடலின் அடி. அலையும் வெளிச்சமும் எட்டாத ஆழம். மேலிருந்து நுண்ணிய சேறு தூசிபோல் இறங்கி, ஓசையில்லாமல் படிந்துகொண்டே இருந்தது. காற்றில்லாத சேறு, ஆகையால் கறுப்பு. அந்தக் கடல்நீரில் சிற்றுயிர்கள் மிதந்து வாழ்ந்தன. ஒரே காம்பில் அடுத்தடுத்து அறை கட்டி, லயத்து வீடுகள்போல வரிசையாகக் குடியிருந்தவை. அவை செத்துச் சேற்றில் விழும். அவற்றின்மேல் சேறு மூடும். அதன்மேல் வேறு சில விழும். இப்படிப் படிவின்மேல் படிவாக ஏறி, அழுந்தி, இறுகிக் கல்லாயிற்று. அந்த உயிர்களின் அச்சே இக்கீறல்கள். நாற்பது கோடி ஆண்டுக்கும் முன்னால் நடந்தவை; மனிதன் என்றொருவன் வருவதற்கு வெகு முன்னால். எந்த அடுக்கைப் பிளந்தாலும் இவை இருக்கும்.

இவ்வளவையும் அவர் சொல்லி முடித்ததும், பரஞ்சோதி தமிழில் தந்தது:

"நமது கல்வெட்டு உலகிலேயே மிகத் தொன்மையானது என்கிறார். கண்டெடுத்தவரை வெகுவாகப் பாராட்டுகிறார்."

கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் பின்வரிசையில் நாகூர் மீரான் எழுந்து நின்றார். மூத்துத் தளர்ந்திருந்தார், குரல் தளரவில்லை. கல்லை உரித்தவன் உள்ளே சுரண்டி வைத்திருக்கக்கூடுமா என்று இளைஞரிடம் நேராக மலாயில் கேட்டார். மலாய் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இளைஞர் சிரித்தார்.

"தா போலே," என்றார். முடியவே முடியாது. அவரும் மலாயிலேயே தொடர்ந்தார்: மலைக்கு உள்ளேயே இருப்பது இது. எந்த மனிதனும் செய்ததில்லை.

சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையை ஊன்றி எழுந்தாள். கூட்டம் முடிந்ததும் பெருக்குவதற்கு வந்தவள், பாப்பம்மா. மோசடிக்காரன் மனைவி என்ற பெயரோடு அத்தனை ஆண்டும் அவ்வூரில் இருந்தவள்.

"அப்ப அவரு சொரண்டல. இல்லீங்களா ஐயா?"

பரஞ்சோதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அறிவியல் நாளுக்கு நாள் மாறும் அம்மா. அன்றைக்கு நமக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்."

நன்றியுரையும் அவரே ஆற்றினார்.

பாப்பம்மா இப்பொழுது இல்லை. இருளப்பன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. சேற்றில் விழுந்த புழுபூச்சிக்குக்கூட நாற்பது கோடி ஆண்டாக அழியாத அச்சு இருக்கிறது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. பரஞ்சோதியார் மட்டும் தொண்ணூறை நெருங்கி, நினைவு தப்பாமல், நாவும் குழறாமல் நலமாக இருக்கிறார். கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சீட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, வாசகரே, சாலைக்கான மனு உங்கள் வாசலுக்கு வரும். மறுக்க வேண்டா. பேனாவை எடுத்துக்கொண்டு நேரே பெரியவர் வீட்டுக்குப் போங்கள். அவர் முன் நின்று, ஒரே ஒரு பகுதியை மட்டும் நிப்பொங்கோவில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள்: "எனக்குத் தெரியாதுங்க ஐயா. எங்க பொளந்தாலும் இருக்கு. மலைக்கு உள்ளயே இருக்கு." இந்த முறை சரியாகச் செய்துவிட்டாரானால், கையெழுத்திடுங்கள்.